ஒரு டிரா ஆட்டத்தில் ஜெயித்த கதை

2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து, சங்கத்தில் யாரைப் பார்த்தாலும் சதுரங்கப் பேச்சுதான். பதினெட்டு வயதுப் பையன். பெருமைப்படாமல் எப்படி இருக்க முடியும்? மலர்க் குழுவினர் என்னையும் பிடித்துக்கொண்டார்கள். "நீங்கள் ஒரு காலத்தில் லீக் எல்லாம் ஆடியவராயிற்றே, ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்றார்கள். உலகச் சாம்பியன்களைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை? நான் ஆடியது நகர லீக்கில், அதுவும் இரண்டாம் பிரிவில், நான்கு பேர் அணியில் மூன்றாவது ஆள். ஆனால் குகேஷ் ஜெயித்த அன்று மாலை புனேயிலிருந்து என் மகள் போன் செய்து, "அப்பா, உங்க ஷியாம்பஜார் ஆட்டம்தான் ஞாபகம் வந்தது" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. அதனால் அந்த ஆட்டத்தையே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் நடந்ததை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்து இருவரும் 6½ புள்ளியில் சமமாக இருந்தார்கள். பதினான்காவது ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் சீன வீரர் டிங் லிரென் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி மாற்றிக்கொண்டார். மீதி இருந்தது சிப்பாய்கள் மட்டும். மூன்று நகர்த்தல் கழித்து டிங் கையை நீட்டிவிட்டார். கண்ணெதிரே இருந்த டிராவை உலகச் சாம்பியனே தொலைக்க முடியும் என்றால், கல்கத்தாவில் ஒரு பாரா கிளப்பில் நாங்கள் இருவரும் அடித்த கூத்து ஒன்றும் பெரிதல்ல.

நான் கும்பகோணத்துக்காரன். 1983-இல் மாற்றலாகிக் கல்கத்தா வந்தேன். (அப்போது கல்கத்தாதான், 2001-இல்தான் கொல்கத்தா ஆயிற்று.) சதுரங்கம் கற்றது எங்கள் தெருத் திண்ணையில், தாத்தாக்களிடம். அது நாட்டு ஆட்டம். சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவுக்கு ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவ உரிமை உண்டு. இங்கே வந்து அலுவலகக் கேன்டீனில் பலகையைப் பார்த்து ஆசையாக உட்கார்ந்த முதல் நாளே ராஜாவைத் தாவ விட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய குழப்பம் காய்களின் பெயர். நமக்கு மூலையில் நிற்பது யானை. வங்காளிக்கு அது நௌகா, அதாவது படகு! கஜம் என்றால் அவர்களுக்கு நம்முடைய மந்திரி நிற்கும் இடத்துக் காய். மந்திரி என்றாலோ நம்முடைய ராணி. பக்கத்து மேஜையில் இருந்த லக்னோக்காரருக்கு நம் மந்திரி ஓர் ஒட்டகம். "என் மந்திரியை எடுத்துவிட்டாய்" என்று நான் ஒருமுறை வருத்தப்பட, எதிரில் இருந்தவர் தான் ராணியை எடுக்கவே இல்லையே என்று பதறி, பலகையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பாய் அங்கே போரே. செக் என்பது கிஸ்தி. ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. மனதுக்குள் மட்டும் யானை யானையாகவே இருந்தது.

நான் லீக் அணிக்குள் வந்த விதமும் வேடிக்கை. 1995 செப்டம்பர், அக்டோபரில் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில் ஆனந்தும் காஸ்பரோவும் ஆடினார்கள். முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்ததும் எங்கள் அலுவலகமே என் மேஜைக்கு வந்து கை குலுக்கியது, ஏதோ நானே ஜெயித்த மாதிரி. அதற்குப் பிறகு காஸ்பரோவ் நான்கு ஆட்டங்களை வென்று 10½–7½ என்று முடித்ததற்கும் என்னிடம்தான் துக்கம் விசாரித்தார்கள். அந்தச் சூட்டில், அணியில் ஒருவர் மாற்றலாகிப் போனபோது, "ஆனந்த் ஊர்க்காரர் இருக்கிறாரே" என்று என்னைச் சேர்த்துவிட்டார்கள். கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

லீக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஓர் அணிக்கு நான்கு பேர். நான்கு பலகைகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். ஜெயித்தால் ஒன்று, டிரா என்றால் அரை. கூட்டிப் பார்த்து எந்த அணி வென்றது என்று சொல்வார்கள். எங்கள் பிரிவில் ஆறு அணிகள். கடைசி அணி அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். டிசம்பர் நடுவில் வந்த கடைசிச் சுற்றின்போது அந்தக் கடைசி அணி நாங்கள்தான். அன்று ஜெயித்தால் தப்பிக்கலாம். சமன் போதாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. ஷியாம்பஜாரில் குதிரை மேல் நேதாஜி இருக்கும் ஐந்து முக்குச் சந்திப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு சந்துக்குள் அந்தக் கிளப். கேரம் பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான்கு மேஜை போட்டிருந்தார்கள். சுவரில் ரவீந்திரநாத் தாகூர், நேதாஜி, ஒரு பழைய கால்பந்துக் கோப்பை. அன்று மனைவிக்கு வேறு வேலை இருந்ததால், பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு சித்திரக் கதைப் புத்தகத்துடன் மூலை நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு எழுபது வயது இருக்கும். குரங்குக் குல்லாய், கழுத்தில் மப்ளர், தோளில் சால்வை. கல்கத்தாவில் டிசம்பர் வந்துவிட்டால் பெரியவர்கள் எல்லோரும் இமயமலை ஏறப் போகிறவர்கள் போலத்தான் இருப்பார்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் என்று பிறகு தெரிந்தது. ஆட்டத் தாளில் அவர் நகர்த்தல்களைப் பழைய ஆங்கில முறையில், ராஜாவின் கட்டம், ராணியின் கட்டம் என்று கணக்கிட்டு எழுதினார். பீடே 1981-லேயே அதைக் கைவிட்டு எழுத்தும் எண்ணும் சேர்ந்த முறைக்கு வந்துவிட்டது. அவர் வரவில்லை. கை இலேசாக நடுங்கியது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

நான் வெள்ளை. ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் குதிரையை வெளியே கொண்டுவந்து, மந்திரியை ஓரத்தில் ஒதுக்கிவைத்து, இந்தியன் டிபென்ஸ் என்கிற வழிக்குப் போனார். இந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. 1850-களில் இதே கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருடன் மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் ஏராளமான ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவர் அல்லவா, சிப்பாயை ஒரு கட்டம் ஒரு கட்டமாகத் தள்ளிப் பின்னாலிருந்து தாக்குவார். அந்த ஆட்டங்கள் அச்சேறித்தான் உலகம் அதை இந்தியர்களின் முறை என்று அழைக்க ஆரம்பித்தது. பெரியவர் தன் ஊர் ஆட்டத்தை ஆடினார் என்று சொல்ல வேண்டும்.

இருபது நகர்த்தல் வரை சமம். 23-ஆவதில் அவர் ஒன்றைக் கவனிக்கத் தவறினார். என் குதிரை தாவி ராஜாவுக்குச் செக் கொடுத்தது; அதே தாவலில் ஒரு சிப்பாய்க்கும் குறி. அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான். முகத்தில் வேறு மாற்றம் இல்லை. ஒரு சிப்பாய் எனக்கு லாபம்.

பிறகு காய்கள் ஒவ்வொன்றாக மாறின. ராணிகள் போயின. கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, எனக்கு நான்கு சிப்பாய், அவருக்கு மூன்று, எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். இது சரியாக ஆடினால் டிராதான் என்று புத்தகங்களில் இருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியாது. ஒரு சிப்பாய் அதிகம், ஆகவே ஜெயிப்பேன் என்று கடைக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வெளியே இருட்டு. மற்ற மூன்று பலகைகளும் முடிந்திருந்தன. முதல் பலகையில் எங்களுக்குத் தோல்வி, இரண்டாவதில் வெற்றி, நான்காவதில் டிரா. ஒன்றரைக்கு ஒன்றரை. அடுத்த ஆண்டு நாங்கள் எங்கே ஆடுவோம் என்பது என் பலகையில் வந்து நின்றது. முடித்தவர்கள் எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால். என் மகளும் புத்தகத்தை மூடிவிட்டு வந்துவிட்டாள்.

இனி கடிகாரம் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. சதுரங்கக் கடிகாரம் என்பது ஒரே பெட்டியில் இரண்டு கடிகாரம். நகர்த்தியதும் உங்கள் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் உங்களுடையது நிற்கும், எதிரியுடையது ஓடும். முகப்பில் பன்னிரண்டை ஒட்டி ஒரு சிறு சிவப்புக் கொடி. பெரிய முள் நெருங்க நெருங்க அதைத் தூக்கும். நேரம் முடிந்ததும் பொத்தென்று விழும். அன்று எங்களுக்கு முதல் 40 நகர்த்தலுக்கு ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு ஆட்டம் முழுவதையும் முடிக்க அரை மணி. அந்த அரை மணியில் என்னிடம் ஐந்து நிமிடமும் அவரிடம் இரண்டு நிமிடமும் மீதி இருந்தபோது பலகையில் இருந்தது இதுதான்: என் ராஜா, யானை, ஒரு சிப்பாய், அவருடைய ராஜா, யானை. என் சிப்பாய் பாதித் தூரம் கடந்து ஐந்தாவது வரிசையில். அவர் ராஜா அதற்கு நேர் முன்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது.

அவர் தன் யானையை அவர் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் நிறுத்தியிருந்தார். என் ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. நான் யானையை இங்கும் அங்கும் நகர்த்தினால் அவரும் அதே வரிசையில் இடமும் வலமுமாக நகர்த்துவார். வேறெதுவும் செய்யமாட்டார். நாலைந்து முறை இப்படி ஆனது. ஒரு நகர்த்தலை ஆடிவிட்டு, பொத்தானை அழுத்துவதற்கு முன், முறைப்படி "டிரா?" என்று கேட்டார்.

நான் எங்கள் கேப்டனைப் பார்த்தேன். பலகையைப் பற்றிக் கேப்டன் எதுவும் சொல்லக்கூடாது. அணிக்கு என்ன தேவை என்று மட்டும் சொல்லலாம். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நமக்கு வெற்றி வேண்டும்." தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன்.

சிப்பாயைத் தள்ளினேன். அது ஆறாவது வரிசைக்குப் போனதும் அவர் யோசிக்கவே இல்லை. மூன்றாம் வரிசையில் இருந்த யானை சரேலென்று பலகையின் என் ஓரத்துக்கு வந்தது. அங்கிருந்து பின்னாலிருந்து செக். ராஜா நகர்ந்தால் மறுபடி செக். சிப்பாய் முன்னே போய்விட்டதால் என் ராஜாவுக்கு ஒதுங்க நிழல் இல்லை. யானையை நோக்கி இறங்கினால் சிப்பாய் அநாதையாகிவிடும். அப்போதுதான் புரிந்தது: இது முழு டிரா. நூறு வருடம் ஆடினாலும் டிரா. அவருக்கு இது மனப்பாடம். எனக்கு இப்போதுதான் பாடம்.

அதோடு இன்னொன்றும் புரிந்தது. அவர் கொடி ஏறக்குறைய படுக்கையாக நின்றது. அவர் தோற்பதாக இருந்தால் பலகையில் தோற்கமாட்டார்.

நான் ராஜாவை நகர்த்திக்கொண்டே இருந்தேன். வேகமாக. அவரும் செக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை நடுக்கத்தில் அவர் விரல் பட்டு யானை சாய்ந்துவிட்டது. விழுந்த காயை அவரவர் நேரத்தில்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும். நிமிர்த்தினார், கட்டத்தின் நடுவில் சரியாக வைத்தார், அதன் பிறகே பொத்தானைத் தட்டினார். நாலு விநாடி இருக்கும். அவசரத்திலும் அதைக் கோணலாக வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

கொடி விழுந்ததை நான் பார்த்தேன்.

அவர் பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அந்த அமைதியிலேயே தெரிந்தது. ஆனால் வேடிக்கை பார்ப்பவர்கள் வாய் திறக்கக்கூடாது. எங்கள் மாதிரி லீக்கில் தனி நடுவர் கிடையாது. கொடி விழுந்ததை ஆடுகிறவனே கடிகாரத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆடிக்கொண்டே போய் என் கொடியும் விழுந்துவிட்டால் ஆட்டம் டிரா. எனக்கு இன்னும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆக, அந்த ஆட்டம் வெற்றியா டிராவா என்பது இனி பலகையில் இல்லை, என் வாயில் இருந்தது.

ஒரு நகர்த்தல் ஆடினேன். அவர் செக் கொடுத்தார். இன்னொன்று ஆடினேன். ஏன் ஆடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தொண்டை வரவில்லை. பிறகு கடிகாரத்தை நிறுத்தி, "டைம், தாதா" என்றேன்.

அவர் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமாம்" என்றார். கையை நீட்டினார். தன் ஆட்டத் தாளில் தோல்வியை எழுதி, கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார். எங்கள் ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். கேப்டன் என்னைக் கட்டிக்கொண்டே விட்டார்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். கடிகாரமும் ஆட்டத்தில் ஒரு காய். நன்றாக யோசிக்க அவர் நேரம் எடுத்துக்கொண்டார், அதற்கு விலை கொடுத்தார். நாலு பேர் அணிக்காக ஆடும்போது என் தனிப்பட்ட பெருந்தன்மையைக் காட்ட அவர்களுடைய வெற்றியை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை. இத்தனை நியாயம் இருந்தும், அந்த ஆட்டத்தை நான் ஜெயித்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இந்தக் கட்டுரைதான் முதல் தடவை.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் அநேகமாக வராது. இப்போது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி, பெரும்பாலும் 30 விநாடி, கூடவே சேரும் மின்கடிகாரங்கள் வந்துவிட்டன. அமெரிக்காவின் பாபி பிஷர் யோசித்துக் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. 1992-இல் ஸ்பாஸ்கியுடன் மறுபடி ஆடியபோது அதை வைத்துத்தான் ஆடினார். எங்கள் மேஜையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் பெரியவர் விடியும்வரை செக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் அவர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. மண் குவளையில் தேநீர் வரவழைத்தார். என் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, காய்களை அந்தக் கடைசி நிலைக்கே மறுபடி அடுக்கினார். "இது பிலிடோர் கண்டுபிடித்தது, அம்மா" என்று அவளிடம் வங்காளியில் சொன்னார். பிலிடோர் பிரெஞ்சுக்காரர், சங்கீத வித்வான், நாடகங்களுக்கு இசை அமைத்தவர், 1795-இல் லண்டனில் காலமானவர். "இந்த வருடத்தோடு சரியாக இருநூறு ஆண்டு. மனிதர் போய்விட்டார், நௌகா இன்னும் அதே வரிசையில் நிற்கிறது."

"நௌகா இல்லை தாத்தா, யானை" என்றாள் என் மகள். அவருக்கு ஒரே சிரிப்பு. யானையே ஆகட்டும் என்று ஒப்புக்கொண்டு, யானை எப்போது மூன்றாம் வரிசையில் நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று அவளை நாலு முறை ஆடவைத்தார். சிப்பாய் ஓர் அடி வைக்கும்வரை காத்திரு, வைத்ததும் ஓடு. அவ்வளவுதான் சூட்சுமம்.

பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் பத்து நகர்த்தல் பின்னால் போய்க் காய்களை அடுக்கினார். எனக்கு இரண்டு சிப்பாய், அவருக்கு ஒன்று இருந்த நிலை. "இங்கே நீங்கள் சிப்பாயை மாற்றிக்கொண்டீர்கள். மாற்றாமல் ராஜாவை இந்தப் பக்கம் கொண்டுவந்திருந்தால் நான் தோற்றுப்போயிருப்பேன். அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், அந்த ஒரு நகர்த்தலுக்கே ஆறு நிமிடம் போய்விட்டது." அவர் காட்டிய வழி எனக்கு ஆட்டத்தின்போது மனதில் தோன்றவே இல்லை. ஜெயிக்க வேண்டிய இடத்தில் ஜெயிக்காமல், டிரா ஆக வேண்டிய இடத்தில் ஜெயித்திருக்கிறேன்!

திரும்பி வரும்போது எஸ்பிளனேடில் டிராம் மாறினோம். ராத்திரி எட்டு மணி, கூட்டமில்லை. ராஷ்பிஹாரி வரும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, அது டிராதானே?" என்றாள்.

"டிராதான்."

"அப்புறம் ஏன் டைம்னு சொன்னீங்க?"

"அணிக்கு ஜெயிச்சாகணும்மா."

"தாத்தாவுக்கு நீங்க சொல்ற வரைக்கும் தெரியவே தெரியாது" என்றாள். நான் லேக் மார்க்கெட்டில் இறங்கி வாழை இலை வாங்க வேண்டும் என்று அம்மா சொன்னதை நினைவுபடுத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள்தான் என்னை விடாமல் பலகை முன் உட்காரவைத்தாள். யானை முடிவாட்டங்களில் இரண்டே வருடத்தில் என்னை மிஞ்சிவிட்டாள். 

அடுத்த ஆண்டு அதே கிளப்புடன் மறுபடி ஆட்டம் வந்தது. அதே மூன்றாம் பலகை, அதே மப்ளர், அதே பழைய ஆங்கிலக் கணக்கு. இந்த முறை வெள்ளை அவருக்கு. 31 நகர்த்தலில் என்னைத் தோற்கடித்தார். கையைக் குலுக்கும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.